சிவப்புப் பொத்தான்

வக்கீல் ராஜமாணிக்கம் பொய் சொல்லவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொய் சொல்லியிருந்தால் எனக்கு இத்தனை வயிற்றெரிச்சல் இருந்திருக்காது. பொய் சொல்லுகிற ஆட்களை எனக்கு நன்றாகத் தெரியும். பதிமூன்று வருஷம் வக்கீல் ஆபீசில் டைப் அடித்தவளுக்கு அதுகூடத் தெரியாவிட்டால் எப்படி?

என் பெயர் சந்திரகலா. திருவண்ணாமலை பெரிய தெருவில் இருந்த அவருடைய ஆபீசில் 1973இல் சேர்ந்தேன். எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி என்பது தெருவுக்கே தெரியும், அவருக்கும் தெரியும். ஆனால் என் டைப்பில் ஒரு அடித்தல் திருத்தல் இருக்காது. அதனால் பொறுத்துக்கொண்டார். 84 டிசம்பர் தேர்தலில் ஜெயித்து எம்.பி. ஆனார். கறுப்புக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு டில்லிக்கு ரயிலேறினார். வாசலில் போர்டு மாறியது. என் நாற்காலியும் மெஷினும் இருந்த இடத்திலேயே இருந்தன.

எம்.பி. என்றால் சட்டம் செய்கிறவர் என்று நான் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். இந்த ஊர் ஜனங்களுக்கு எம்.பி. என்றால் கேஸ் அடுப்புக் கூப்பன். வருஷத்துக்கு இத்தனை கனெக்‌ஷன் என்று அவருக்கு ஒதுக்கீடு உண்டு. அதற்காகக் கீழ்பென்னாத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து வாசலில் குந்திவிடுவார்கள். கூப்பன் கிடைத்தவர்கள் அடுத்து டெலிபோன் கேட்பார்கள், அதற்கடுத்து பையனுக்கு ரயில்வேயில் வேலை கேட்பார்கள். சட்டத்தைப் பற்றிக் கேட்க அந்த வாசப்படி ஏறி வந்த ஒரே ஆள் கைசர் ஜஹான்தான்.

கைசர் ஜஹான் பே கோபுரத் தெருவில் இருந்தாள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள், நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். சின்னக்கடைத் தெருவில் இரும்புக்கடை வைத்திருந்த பீர் முகம்மதுவோடு இருபத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்தியவள். பிள்ளை இல்லை என்று 82இல் அவர் இன்னொரு கல்யாணம் செய்துகொண்டு வேறு வீட்டுக்குப் போய்விட்டார். இவளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்ததையும் நிறுத்திவிட்டார். இவள் ஜீவனாம்சம் கேட்டு எங்கள் ஆபீசுக்கு வந்தாள். மனு போட்ட மறு வாரமே ரிஜிஸ்தர் தபாலில் தலாக் வந்தது, இங்கிலீஷில், வக்கீல் நோட்டீசாக. அவளுக்கு உருதும் தமிழும் படிக்க வரும், இங்கிலீஷ் வராது. என் மேஜைமேல் வைத்து, "படிச்சி சொல்லு சந்திரா" என்றாள். படித்துச் சொன்னேன். அவள் அழவில்லை.

"இருபத்திரண்டு வருஷத்தையும் ஒரே கவர்ல போட்டு ஒட்டிட்டாரா மனுஷன்?" என்று மட்டும் கேட்டாள். அன்றைக்கு அவளை எனக்குப் பிடித்துப்போனது.

அவள் சமோசா போட்டு பஸ் ஸ்டாண்டு டீக்கடைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். தினமும் கடைக்குப் போகிற வழியில் ஒரு காகிதத்தில் இரண்டு சமோசா மடித்து என் மெஷின் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவாள். 84 ஆரம்பத்தில் இங்கே மாஜிஸ்திரேட் கோர்ட்டில் அவளுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. பீர் முகம்மது வேலூருக்கு அப்பீல் போனார். அவள் குடியிருந்த வீடு அவர் பெயரில்தான் இருந்தது, ஆனாலும் கேஸ் நடக்கும்போது காலி பண்ணச் சொன்னால் கோர்ட்டில் எடுபடாது என்று விட்டுவைத்திருந்தார்.

வக்கீல் எம்.பி. ஆன பிறகு மற்ற கேஸ்களையெல்லாம் ஜூனியரிடம் தள்ளிவிட்டார். இந்தக் கேஸை மட்டும் விடவில்லை. "இது என் கேஸ், சந்திரகலா. ஹைகோர்ட்டு வரைக்கும் போய் ஜெயிச்சா சட்டப் புத்தகத்துல என் பேர் வரும்" என்பார். அந்த ஆசையை நான் தப்பென்று சொல்லமாட்டேன். ஆசை இல்லாமல் யார் நல்லது செய்கிறார்கள்?

85 ஜனவரிக் கடைசியில், எம்.பி. ஆன சூட்டோடு, அவர் கை தூக்கிய முதல் பெரிய சட்டம் கட்சித் தாவலைத் தடுக்கிற சட்டம். ஒரு கட்சியில் நின்று ஜெயித்துவிட்டு இன்னொரு கட்சிக்குத் தாவினால் பதவி போகும். ஊருக்கு வந்தவரை மாலை போட்டு, வெடி வெடித்து அழைத்து வந்தார்கள். ஆபீசில் ஒரு கூடை லட்டு. அவர் தேர்தலில் தோற்கடித்த ஆள் மூன்று கட்சி மாறினவர், அதனால் சந்தோஷம் இரண்டு பங்கு.

"தாவறவனுக்கெல்லாம் வெச்சோம் பாரு வேட்டு!" என்றார்.

அந்தச் சட்டத்தின் நகலை நான் படித்திருந்தேன். டைப் அடிக்கிறவளுக்கு எதையும் படிக்காமல் விட முடியாது. "சார், தாவினா மட்டும் இல்லையே. கட்சி சொன்ன மாதிரி ஓட்டு போடலன்னாலும் பதவி போவும்னு போட்டிருக்குதே?" என்றேன்.

"இருக்கட்டுமே. எனக்குப் பிடிக்காததை எங்க கட்சி ஏன் சொல்லப்போவுது? லட்டு எடுத்துக்கோ."

எடுத்துக்கொண்டேன். லட்டு நன்றாகத்தான் இருந்தது.

அந்த ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு, கைசர் அக்காவைப் போலவே வேறு ஊரில் ஜீவனாம்சம் கேட்ட ஒரு வயதான அம்மாவுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. வக்கீல் டில்லியிலிருந்து டிரங்க் கால் போட்டு, "கைசர் ஜஹான்கிட்ட சொல்லு, நம்ம கேஸ் ஜெயிச்ச மாதிரிதான்" என்று கத்தினார். நான் செருப்புகூடச் சரியாக மாட்டாமல் பே கோபுரத் தெருவுக்கு ஓடினேன். அன்றைக்கு அவள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். கையெல்லாம் மைதா மாவு, என் முதுகிலும் ஆனது.

சந்தோஷம் ஒரு வருஷம்கூட நிற்கவில்லை. நாடு முழுக்க ஊர்வலம், கூட்டம். எங்கள் மார்க்கத்தில் கோர்ட்டு எப்படிக் கைவைக்கலாம் என்று ஒரு பக்கம். இன்னொரு பக்கம் இதையே சாக்காக வைத்து அந்த ஜனங்களைக் கேவலமாகப் பேசுகிறவர்கள். இரண்டு பக்கத்திலும் யாருக்கும் ஒரு கைசர் ஜஹானின் அடுப்பு எரிகிறதா என்று கவலை இல்லை. 86 பிப்ரவரிக் கடைசியில் சர்க்கார் ஒரு மசோதா கொண்டுவந்தது. தலாக் ஆன பெண்ணுக்குப் புருஷன் இத்தா காலம் வரைக்கும், அதாவது மூன்று மாதம் போல, கொடுத்தால் போதும். அதற்கப்புறம் அவளுடைய சொந்தக்காரர்கள் பார்க்கவேண்டும், இல்லாவிட்டால் வக்ஃபு வாரியம் பார்க்கவேண்டும். நடந்துகொண்டிருக்கிற கேஸ்களுக்கும் இதுதான் பொருந்தும்.

ஏப்ரல் நடுவில் வக்கீல் ஊருக்கு வந்திருந்தார். கைசர் அக்கா தன் அண்ணன் குலாம் ரசூலோடு ஆபீசுக்கு வந்தாள். குலாம் ரசூல் பாய் தேரடியில் கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர், நிதானமான மனிதர். கூப்பன் கூட்டத்தைத் தாண்டி உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"வக்கீல் சார், நான் உங்ககிட்ட மறைக்கல. இந்த மசோதா வரணும்னுதான் நானும் கையெழுத்துப் போட்டிருக்கேன். எங்க விஷயத்தை நாங்க பார்த்துக்குவோம். ஆனா இவ என் தங்கச்சி. அது வேற. ஜமாத்துல பேசி பீர் முகம்மதுவை ஒரு வழிக்குக் கொண்டாந்திருக்கேன். இவ இருக்கிற வீட்டை இவ பேர்ல எழுதிக் குடுத்துடறேன்றான். கேஸை வாபஸ் வாங்கிடணும். மசோதா பாஸாவுமா ஆவாதான்னு தெரியாம இப்ப பயந்துக்கினு இருக்கான். பாஸாயிடுச்சின்னா ஒரு செங்கல்லுகூடத் தரமாட்டான்."

பையிலிருந்து முத்திரைத்தாளை எடுத்து மேஜையில் வைத்தார். எல்லாம் எழுதி, பீர் முகம்மது கையெழுத்துப் போட்டு, கைசர் ஜஹானின் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. அவளுக்கு அந்த வீட்டின்மேல் ஆசை என்பது தாளைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது. வாசலில் அவளே வைத்த ஒரு முருங்கை மரம் உண்டு.

வக்கீல் தாளைப் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றினார். "போடாதம்மா" என்றார்.

"பாஸாயிட்டா, வக்கீல் சாப்?"

"எங்கம்மா பாஸாவும்? எங்க கட்சியிலயே எத்தினி பேருக்குப் பிடிக்கல தெரியுமா? ஒரு மந்திரியே ராஜினாமா பண்ணிட்டுப் போயிட்டார். மனசாட்சிப்படி ஓட்டு போட விட்டுடுவாங்கன்னு பேச்சு இருக்குது. நான் இருக்கேன். உன் வக்கீலே உள்ள உக்காந்திருக்கான், அது எத்தினி பேருக்குக் கிடைக்கும்?"

"அங்க எப்படிங்க ஓட்டு போடுவீங்க?" என்று கேட்டாள் அவள்.

அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. என் மேஜையிலிருந்த பசை பாட்டிலையும், சிவப்பு மைப் பாட்டிலையும், மஞ்சள் பென்சிலையும் வரிசையாக வைத்தார். "ஒவ்வொருத்தர் சீட்லயும் மூணு பொத்தான். பச்சைன்னா ஆமா. சிவப்புன்னா இல்ல. மஞ்சள்னா ரெண்டும் இல்ல. மணி அடிப்பாங்க. ஒரு கையால ஒயர்ல தொங்கற சுவிட்சைப் பிடிச்சிக்கணும், இன்னொரு கையால பொத்தானை அழுத்தணும். பத்து விநாடி. ரெண்டாவது மணி அடிச்சிட்டா முடிஞ்சி போச்சி. மேல பெரிய பலகையில எண்ணிக்கை வந்துடும்."

"நீங்க எதை அழுத்துவீங்க?"

அவர் சிவப்பு மைப் பாட்டிலைத் தட்டினார். "இதை. அண்ணாமலையார் சாட்சி."

"சாட்சியெல்லாம் வேணாங்க. நீங்க சொன்னா போதும்."

நான் சும்மா இருந்திருக்கலாம். லட்டு தின்ற அன்றைக்கு அவரிடம் கேட்டது எனக்கு ஞாபகம் வந்தது, சத்தியமாக ஞாபகம் வந்தது. "கட்சி பச்சைன்னு சொல்லிட்டா இன்னா சார் பண்ணுவீங்க?" என்று கேட்கவும் கேட்டேன்.

"சொல்லட்டும். எம்.பி. உத்தியோகத்தை நம்பியா நான் பொறந்தேன்? கோட்டு அதோ ஆணியில தொங்குது."

அந்தப் பேச்சைக் கேட்டு எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அதுதான் என் முட்டாள்தனம். பதிமூன்று வருஷமாக அவர் கோர்ட்டில் பேசுவதைக் கேட்டவள், இது கோர்ட்டுப் பேச்சு என்று எனக்குப் புரிந்திருக்கவேண்டும். கைசர் அக்கா என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு எந்தக் காகிதம் வந்தாலும் கடைசியில் என் முகத்தைத்தான் பார்ப்பாள். நான் வாயைத் திறந்தேன்.

"போடாதக்கா. வீட்டை மட்டும் குடுத்துட்டா சோத்துக்கு இன்னா பண்ணுவ? ரெண்டு வருஷம் அலைஞ்சி வாங்கின தீர்ப்பு. விட்டுடாத."

அவள் முத்திரைத்தாளை மடித்து அண்ணன் கையில் கொடுத்தாள். குலாம் ரசூல் பாய் கோபப்படவில்லை. "யோசிச்சிக்க. ரம்ஜான் நோம்பு ஆரம்பிக்கறவரைக்கும்தான் அவன் டைம் குடுத்திருக்கான்" என்றார். வாசலில் செருப்பு மாட்டும்போது என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு அப்போது பிடிக்கவில்லை.

மசோதாவுக்கு எதிராக வக்கீல் சொல்லச் சொல்ல நாலு பக்கம் டைப் அடித்துக் கொடுத்தேன். சபையில் பேச வாய்ப்புக் கேட்பதாகச் சொல்லி எடுத்துப் போனார். யார் பேசுவது என்பதைக் கட்சிதான் தீர்மானிக்கும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த நாலு பக்கம் மடிப்புக் கலையாமல் அவருடைய சூட்கேஸிலேயே திரும்பி வந்தது.

மே ஐந்தாம் தேதி விவாதம் ஆரம்பித்து, மறுநாள் விடியும் முன் மசோதா நிறைவேறிவிட்டது. நான் பேப்பரில் பார்த்தேன். எத்தனை பேர் ஆதரவு, எத்தனை பேர் எதிர்ப்பு என்று எண்ணிக்கை மட்டும் போட்டிருந்தான், பெயர் இல்லை. நான் கைசர் அக்கா வீட்டுக்குப் போகவில்லை. அவளே வந்தாள். அன்றைக்குச் சமோசா இல்லை.

"வக்கீல் சாப் எதை அழுத்தினாரு?" என்றாள். மசோதா பாஸானதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"தெரியலக்கா. வரட்டும், கேட்டு சொல்றேன்."

கூட்டத்தொடர் முடிந்து அவர் வந்த அன்றைக்கு உள்ளே நுழைந்ததும் கேட்டேன். அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். "சிவப்பைத்தான் அழுத்தினேன், சந்திரகலா" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கட்சியையே எதிர்த்துவிட்டு வந்து இப்படி அடக்கமாக உட்கார்ந்திருக்கிறாரே மனிதர் என்று நினைத்தேன். பதவி போயிற்றா என்று கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணும் ஆவல" என்றார். அதற்குமேல் கேட்காதது என் தப்பு. கேட்டால் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுவார், அந்த வித்தை வக்கீல்களுக்கு உண்டு.

அன்றைக்கே போய்ச் சொன்னேன். நோன்பு ஆரம்பித்திருந்தது. அவள் உதடு காய்ந்து உட்கார்ந்திருந்தாள். பீர் முகம்மது முத்திரைத்தாளை நோன்புக்கு முதல் நாளே கிழித்துப் போட்டுவிட்டாராம். "சிவப்பா?" என்று இரண்டு தடவை கேட்டாள். "ஆமாக்கா, சிவப்பு." கொஞ்ச நேரம் முருங்கை மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் என்னை மார்க்கத்துக்கு விரோதின்றாங்க சந்திரா. அல்லா என்னை நடுத்தெருவுல விடுன்னா சொல்லியிருக்காரு? அவ்ளோ பெரிய இடத்துல ஒருத்தர் என் பக்கம் கை வெச்சாரு பாரு, அது போதும் எனக்கு. அது எதுலயாவது எழுதி வருமா?"

"வரும்க்கா. யார் யார் எந்தப் பக்கம்னு பேர் பேரா அச்சடிச்சிப் புத்தகமா வரும். நான் காட்டறேன்."

அந்த ரம்ஜானுக்கு ஒரு தூக்கு நிறைய ஷீர் குர்மா, அவர்கள் வீட்டுச் சேமியாப் பாயசம், செய்து ஆபீசுக்குக் கொண்டுவந்தாள். "வக்கீல் சாபுக்கு" என்றாள். அவர் ஒரு டம்ளர் குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார். நான்தான் ஊற்றிக் கொடுத்தேன்.

ஜூலையில் வேலூர் கோர்ட்டில் கேஸ் தோற்றுப்போயிற்று. புதுச் சட்டம் வந்த பிறகு பழைய தீர்ப்பு நிற்காது என்றார்கள். ஜூனியர்தான் போயிருந்தார். ஆகஸ்டில் பீர் முகம்மது வீட்டைக் காலி பண்ணச் சொல்லி ஆள் அனுப்பினார். அண்ணன் தன் வீட்டுக்கு வரச் சொல்லி அழைத்தார், அவள் போகவில்லை. அவலூர்பேட்டை ரோட்டில் ஒரே ஒரு ரூம் எடுத்தாள். அங்கே அடுப்பு வைக்க இடமில்லை, வெளியில் தார்ப்பாய் கட்டி எண்ணெய்ச் சட்டி வைத்தாள். மழை வந்தால் சமோசா கிடையாது. வீடு மாற்றும்போது நானும் இரண்டு பாத்திர மூட்டை தூக்கினேன். குலாம் ரசூல் பாய் அவளிடம், "உன் வக்கீலும் பச்சைதான் அழுத்தியிருப்பாரு. அவங்க கட்சியில எல்லாரும் அதைத்தான் அழுத்தினாங்க" என்றார். கோபமாக இல்லை, ஆற்றாமையில் சொன்னார்.

"இல்ல பாய்" என்றாள் அவள். "புத்தகம் வரும். சந்திரா காட்டுவா. அப்ப பாரு."

அந்த வருஷம் அக்டோபரில் வக்கீல் எம்.பி.க்கள் குழுவோடு வெளிநாடு போய்வந்தார். எனக்கு ஒரு பேனா வாங்கிவந்தார். புதுசாக எம்.பி. ஆனவரை எப்படி அனுப்பினார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பேனா நன்றாக எழுதியது.

87 ஜனவரியில், பொங்கல் முடிந்த வாரம், டில்லியிலிருந்து கட்டுக் கட்டாக வருகிற சபை நடவடிக்கைப் புத்தகங்களில் அந்த மே மாதத்துப் புத்தகம் வந்தது. அதையெல்லாம் யாரும் பிரிக்கமாட்டார்கள். நான் கத்தரிக்கோல் எடுத்துக் கயிற்றை வெட்டினேன். எதிர்த்தவர்கள் பட்டியல் சின்னது. விரலை வைத்துக்கொண்டே வந்தேன். இருந்தது. அவர் பெயர் இருந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தில் எழுந்தே நின்றுவிட்டேன். பெயருக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி இருந்தது. பக்கத்தின் அடியில் அதே குறி போட்டு இங்கிலீஷில் ஒரே வரி.

தவறுதலாக எதிர்ப்புப் பக்கம் வாக்களித்துவிட்டார்.

அதற்குக் கீழே, இன்னின்னாரும் ஆதரவாக வாக்களித்தார்கள் என்று ஒரு பட்டியல். அதிலும் அவர் பெயர்.

அவர் ஊரில்தான் இருந்தார். புத்தகத்தை அவர் முன்னால் விரித்து வைத்தேன். பார்த்தார். மூடவில்லை.

"இது இன்னா சார்?"

"நான் சொன்னது பொய்யா? சிவப்பைத்தானே அழுத்தினேன்?"

"அழுத்தினீங்க. இது இன்னான்னு கேட்டேன்."

புத்தகத்தைத் தள்ளி வைத்தார். பிறகு சொன்னார். "ரெண்டு நாளைக்கு முன்னாலயே கட்சிக் கொறடா கடுதாசி குடுத்துட்டாங்க. மூணு கோடு போட்ட கடுதாசி. மூணு கோடுன்னா மீறக் கூடாதுன்னு அர்த்தம். நான் பாக்கெட்ல போட்டுக்கினு போய் உக்காந்தேன். மணி அடிச்சிது. அந்தப் பத்து விநாடி கை நடுங்கவே இல்ல சந்திரகலா. நேரா சிவப்புக்குப் போச்சி. பலகையில நம்பர் வர்றதுக்குள்ள கொறடா பின்னால வந்து தோள்ல கை வெச்சாரு. திட்டல. சிரிச்சாரு. 'தூக்கக் கலக்கம் போல, பொத்தான் மாறிப்போச்சா?'ன்னு கேட்டு ஒரு சீட்டு வெச்சாரு. திருத்தச் சீட்டு. மெஷின்ல தப்பா அழுத்தினவங்க எழுதிக் குடுக்கறது. அப்பதான் கை நடுங்கிச்சி."

"எழுதிக் குடுத்துட்டீங்க."

"குடுக்கலன்னா பதவி போவும். நானே கை தூக்கிப் போட்ட சட்டம் அது. தெரியும்ல உனக்கு? போனா இன்னொருத்தன் வந்து அந்த சீட்ல உக்காருவான், அவன் மொத தடவையே பச்சையை அழுத்துவான். மசோதா எப்படியும் பாஸாவத்தான் போவுது. என் ஒரு ஓட்டுல இன்னா ஆயிடும்? நான் இருந்தா நம்ம ஊருக்கு நாலு நல்லது நடக்கும்."

"கோட்டு ஆணியில தொங்குதுன்னீங்களே சார்."

அவர் ஆணியைப் பார்த்தார். கோட்டின் தோளில் தூசி படிந்திருந்தது. நான்தான் வாராவாரம் தட்டுவேன், சில மாதமாக மறந்திருந்தேன்.

"அந்தம்மாகிட்ட சொல்லிடாத" என்றார். "அதுக்காவது ஒரு நிம்மதி இருக்கட்டும்." கேட்கும்போது அவர் கண் கலங்கியிருந்தது. அது நடிப்பில்லை. எனக்கு அவரை அடிக்கவேண்டும் போலவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

பத்து நாள் புத்தகத்தை டிராயரில் போட்டுப் பூட்டி வைத்திருந்தேன். கைசர் அக்கா சமோசா வைத்துவிட்டுப் போகும்போதெல்லாம், "புத்தகம் வந்துச்சா?" என்பாள். "இன்னும் இல்லக்கா" என்பேன். பதினோராவது நாள் ஜூனியர் வாய்தவறி, மே மாதத்துப் புத்தகமெல்லாம் பொங்கலுக்கே வந்துவிட்டதே என்று அவளிடம் சொல்லிவிட்டார். அவள் நேரே என் மேஜை முன்னால் வந்து நின்றாள். சமோசா டின் இடுப்பில் இருந்தது.

"காட்டு சந்திரா. பாய்கிட்டயும் கொண்டுபோய்க் காட்டணும்."

டிராயரைத் திறந்தேன். பக்கத்தை எடுத்து, அவர் பெயரின்மேல் விரல் வைத்தேன். "இதுதான் அவர் பேர். இது எதிர்த்தவங்க பட்டியல்."

டின்னை இறக்கி வைத்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அவளும் தன் விரலை வைத்தாள். மேலும் கீழும் பார்த்தாள்.

"இது இன்னா, நட்சத்திரம்? வேற யாருக்கும் இல்லியே."

நான் டிராயரைத் தள்ளி மூடினேன்.

அவள் முகம் மலர்ந்தது. அத்தனை மாதத்தில் நான் பார்க்காத முகம். "ஆளுங்கட்சியில இருந்துக்கினே எதிர்த்தாருன்னு போட்டாங்களா? மரியாதைக்கா?"

ஆமாக்கா என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் அவள் அந்தப் பக்கத்தை அண்ணனிடம் காட்டி, தலை நிமிர்ந்து நடந்திருப்பாள். ஆனால் குலாம் ரசூல் பாய்க்கு இங்கிலீஷ் தெரியும். அது மட்டுமில்லை. நான் படித்துச் சொன்ன எந்தக் காகிதத்திலும் இதுவரை ஒரு வார்த்தை மாற்றியதில்லை, தலாக் நோட்டீசைக்கூட மாற்றவில்லை.

"கீழ எழுதியிருக்குதுக்கா. தவறுதலா எதிர்ப்புப் பக்கம் ஓட்டுப் போட்டுட்டாருன்னு."

"தவறுதலான்னா?"

"கை மாறிப்போச்சின்னு."

"யார் சொன்னது அப்படி?"

"அவரே எழுதிக் குடுத்தாரு."

அவள் விரலை எடுக்கவில்லை. நட்சத்திரத்தின்மேல் எண்ணெய் படிந்து காகிதம் கண்ணாடியாகிவிட்டது, பின்பக்கத்து எழுத்து தெரிந்தது.

"ஷீர் குர்மா குடிச்சாருதானே?"

"குடிச்சாருக்கா."

தலையை ஆட்டினாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள், எந்தக் காகிதம் வந்தாலும் பார்க்கிற அதே பார்வை. "அன்னிக்கி நீயும் சொன்ன. கையெழுத்துப் போடாதக்கான்னு."

"சொன்னேன்."

"அந்தச் சட்டத்தைப் பத்தி உனக்குத் தெரிஞ்சிருந்துச்சா? கட்சி சொல்றபடி போடலன்னா வேலை போயிடும்ன்றது?"

"தெரிஞ்சிருந்துச்சிக்கா."

அவள் குனிந்து டின்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். குரலில் கோபமே இல்லை. "அவராவது தப்புன்னு எழுதிக் குடுத்துட்டாரு சந்திரா. நீ குடுக்கல" என்றாள்.

டீக்கடைக்காரர்கள் காத்திருப்பார்கள் என்று போய்விட்டாள். மேஜையில் சமோசா வைக்கவில்லை. அதற்குப் பிறகு வைக்கவே இல்லை.

என் டைப்பில் அடித்தல் திருத்தல் இருக்காது என்று சொன்னேன் இல்லையா? ஒரு வெள்ளைத் தாளை மெஷினில் சொருகி, கைசர் அக்காவுக்கு என்று அடித்தேன். அதற்குமேல் ஒரு எழுத்து ஓடவில்லை. வாசலில் கீழ்பென்னாத்தூர் பஸ் ஆட்கள் வந்து குந்திவிட்டார்கள், கூப்பன் எப்போது கிடைக்கும் என்று ஒருவர் எட்டிப் பார்த்துக் கேட்டார்.